என்ஜின்எக்ஸ் புதுப்பித்தால் ரீலோடு மட்டும் போதாது

கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆர்டர்களுக்குச் சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸைச் (nginx) சீசனுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். மே மாத ஆர்டர் நெரிசலில் கைவைக்க வேண்டாம்.

பதிப்பு எண்ணின் நடு இலக்கம் இரட்டைப்படை (1.26 போல) என்றால் ஸ்டேபிள் (நிலையான கிளை), முக்கியத் திருத்தங்கள் மட்டுமே வரும். கடைத் தளத்துக்கு அதுவே நல்லது.

சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) தாங்களே கம்பைல் செய்து நிறுவுபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ரீலோடு கொடுத்தால் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) மட்டுமே புதிதாக ஏறும்; மெமரியில் ஓடுவது பழைய பைனரிதான் (கம்பைல் ஆன நிரல்), பாதுகாப்புத் திருத்தம் அமலுக்கு வந்திருக்காது. பதிப்பு கேட்கும் கட்டளையும் டிஸ்க்கில் உள்ள புதிய எண்ணையே காட்டுவதால் ஏமாந்துவிடுவோம். கர்ல் (curl) கட்டளை மூலம், பதிலோடு வரும் 'சர்வர்' ஹெடரைப் பாருங்கள், உண்மை தெரியும் (பதிப்பு எண்ணைக் காட்டும் சர்வர் டோக்கன்ஸ் அமைப்பை அணைத்திருந்தால் எண் வராது).

ஓடும் பைனரியையும் மாற்றும் வழி இது: புதியதை நிறுவியதும் முதலில் கான்ஃபிக் சோதனை. தனியாகக் கம்பைல் செய்த டைனமிக் மாட்யூல் (தனியே ஏற்றும் கூடுதல் பகுதி) பழைய பதிப்புக்கானது என்றால் இங்கேயே பிழை வரும். அதையும் புதிய சோர்ஸோடு சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். பிறகு பழைய மாஸ்டருக்கு (வொர்க்கர்களை நடத்தும் தலைமை ப்ராசஸ்) யூஎஸ்ஆர்2 (USR2) சிக்னல். புதிய மாஸ்டர் எழுந்து, பழைய பிஐடி ஃபைல் (ப்ராசஸ் எண் இருக்கும் கோப்பு) 'ஓல்ட்பின்' என்ற பின்னொட்டுடன் நிற்கும். அடுத்து பழையதற்கு வின்ச் (WINCH) சிக்னல். அதன் வொர்க்கர்கள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்கள்) கைவேலையை முடித்துவிட்டு விலகும். எர்ரர் லாக் சுத்தமாக இருந்தால் பழைய மாஸ்டருக்கு குவிட் (QUIT), அதுவும் விலகும். கோளாறு என்றால் பழையதற்கு ஹப் (HUP; அதன் வொர்க்கர்கள் மீண்டும் எழும்), புதியதற்கு குவிட். ஆர்டர் நடுவில் இருக்கும் இணைப்பு அறுபடாது.