வெளிநாட்டுக் கலைப்படிப்புக்கு உள்ளூர்க் கண்காட்சிகளின் வழியே தயாராவது எப்படி?

பல்கலைக்கழகங்கள் நடத்தும் வெளிநாட்டுக் கலைப்படிப்புத் திட்டங்களில் சேர விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் விசா, கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். அவை தேவையானவைதாம். ஆனால் ஒரு கோடை விடுமுறையோ ஒரு செமஸ்டரோ அங்கே தங்கும்போது எவ்வளவு கற்றுக்கொள்வோம் என்பது, புறப்படுவதற்கு முன் நம் கண்ணை எந்த அளவுக்குப் பழக்கியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. அந்தப் பழக்கத்தை நீங்கள் வசிக்கும் ஊரில் நடக்கும் சிறிய கண்காட்சிகளிலேயே தொடங்கிவிடலாம். விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது.

கலைக்கல்லூரிகளின் ஆண்டிறுதிக் கண்காட்சிகள், தனியார் ஓவியக்கூடங்கள், அருங்காட்சியகத்தின் தற்காலிகக் கண்காட்சிகள், நூலகத்தில் வைக்கப்படும் புகைப்படத் தொகுப்புகள் என எல்லாவற்றையும் ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து நடத்தும் கண்காட்சியைவிட, ஒரே ஓவியரின் தனிநபர் கண்காட்சி பயிற்சிக்கு உகந்தது; ஒரே கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்தது என்பதை அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து பார்க்க முடியும். தொடக்க விழா மாலையில் மனிதர்களைச் சந்திக்கலாமே தவிர படங்களைப் பார்க்க முடியாது. ஆகவே கூட்டமில்லாத ஒரு வேலைநாளில் மறுபடியும் செல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கூடம் முழுவதையும் ஒருமுறை வேகமாகச் சுற்றி வந்து, மூன்று படைப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். விவரச்சீட்டைப் படிப்பதற்கு முன்பே படத்தைப் பாருங்கள். முதலில் தள்ளி நின்றும், பிறகு அருகில் சென்றும், அதன்பின் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். பலரும் செய்யாமல் விடுவது இந்த மூன்றாவதைத்தான். தைல வண்ண ஓவியம் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று விளக்கொளி சாய்ந்து விழும்படி பார்த்தால், வண்ணம் தடித்திருக்கும் இடங்களில் தூரிகை உழுத வரப்புகள் தெரியும். சில வேளைகளில் உதிர்ந்த தூரிகை முடி ஒன்று வண்ணத்தோடு சேர்ந்து உறைந்திருப்பதும் தெரியும். சட்டமிடாத கேன்வாஸ் என்றால் அதன் ஓரத்தைக் கவனியுங்கள். முன்பக்கத்தில் மறைந்துபோன அடிப்பூச்சின் நிறம் அங்கே எஞ்சியிருக்கக்கூடும். நீர்வண்ண ஓவியத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியில் பென்சில் கோடு தெரிகிறதா, வெள்ளையாகத் தெரியும் இடம் பூசப்பட்ட வெள்ளையா, வெறும் காகிதமா என்று பாருங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு குறிப்பேட்டை எடுத்து, தீப்பெட்டி அளவில் அந்தப் படத்தின் அமைப்பைக் கருமை, இடைநிறம், வெண்மை என்னும் மூன்றே சாயல்களில் வரையுங்கள். அதன்பின் விவரச்சீட்டைப் படித்து ஓவியரின் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (தைல வண்ணமா, நீர்வண்ணமா என்பது போன்ற விவரம்), அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவில் பொதுவாக உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் வரும். இதைக் கண்ணால் மதிப்பிடப் பழகுவது வீண்வேலை அன்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மோனாலிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்டது; மாட்ரிடில் உள்ள பிக்காசோவின் கெர்னிக்காவோ ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் 7.7 மீட்டருக்கும் மேற்பட்ட அகலமும் கொண்டது. புத்தகத்தில் இரண்டும் ஒரே அளவுப் பக்கத்தில்தான் அச்சாகின்றன. உள்ளூர்க் கூடத்தில் அளவை உடலால் உணரப் பழகியவருக்கு, அங்கே நேரில் நிற்கும்போது அந்த ஓவியர்கள் ஏன் அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி தானாகவே எழும்.

கூடத்தை நடத்துபவரிடம், படங்களை மாட்டும் நாளில் உதவிக்கு வரலாமா என்று கேளுங்கள். படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி மாட்டும் வழக்கத்தையும், காகித ஓவியங்கள் ஒளியால் வெளுத்துவிடாமலிருக்க அவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் மட்டுமே கொடுக்கப்படுவதையும் அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். படிப்பின் முடிவில் மாணவர்களே கண்காட்சி நடத்த வேண்டியிருக்கும் திட்டங்களில் இந்த அனுபவம் நேரடியாகக் கைகொடுக்கும்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்க அறிக்கையைச் சிறுவயதிலிருந்தே ஓவியத்தில் ஆர்வம் உண்டு என்று தொடங்காதீர்கள். தேர்வுக்குழுவினர் படிக்கும் அறிக்கைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் பார்த்த ஒரு கண்காட்சியையும், அது எழுப்பிய ஒரு கேள்வியையும், அந்தக் கேள்விக்கு அந்த நகரத்தில்தான் விடை தேட முடியும் என்பதற்கான காரணத்தையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, பழைய சுவரோவியங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றில், நிறமி சுவரில் எப்படிப் பிடித்து நிற்கிறது என்ற ஐயம் எழுந்திருக்கலாம். ஃப்ரெஸ்கோ முறையில், ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மீது நீரில் குழைத்த நிறமியைத் தீட்டுகிறார்கள்; சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகும்போது நிறமும் சுவரின் பகுதியாகிவிடுகிறது. காய்வதற்குள் முடிக்கக்கூடிய அளவுக்கே அன்றன்று பூசுவதால், ஒவ்வொரு நாள் வேலைக்கும் இடையே மெல்லிய இணைப்புக் கோடு உண்டு. இத்தாலியில் ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் 1420களில் மசாச்சோ தீட்டிய சுவர்களையும், இத்தாலியின் இன்னொரு நகரமான பதுவாவில் 1305 வாக்கில் ஜோத்தோ தீட்டி முடித்த சுவர்களையும் நேரில் பார்த்து அந்தக் கோடுகளை ஆராய விரும்புகிறேன் என்று எழுதும் மாணவர் எதற்காக வருகிறார் என்பது உடனே விளங்கிவிடும்.

போர்ட்ஃபோலியோவை, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் படைப்புகளின் தொகுப்பைப் பொறுத்தவரை, கேட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு படம்கூட அனுப்ப வேண்டாம். நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கேமராவைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுத்தால் பெரும்பாலும் போதுமானது.

நிர்வாக வேலைகளில் முதன்மையானது கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்குக் கணக்கிடப்படும் மதிப்பு அலகு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழு ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். அதில் எத்தனையை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே எழுத்து வடிவில் வாங்கிவிடுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். முழு செமஸ்டர் தங்குவோர் அந்தந்த நாட்டின் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டர்பன்டைன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது என்பதால் அவற்றை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்று சேர்ந்ததும் அருங்காட்சியகங்களின் விடுமுறை நாள்களை வைத்து வாரத்தைத் திட்டமிடுங்கள். லூவர் செவ்வாய்க்கிழமைகளிலும், பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகமும் ஃபிளாரன்ஸின் உஃபிஸியும் திங்கட்கிழமைகளிலும் மூடியிருக்கும். மிலானில் லியோனார்டோவின் இறுதி இராவுணவு ஓவியத்தைப் பார்க்க முன்பதிவு கட்டாயம். உள்ளே நிற்கக் கிடைப்பது 15 நிமிடம். மூன்று படைப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்துப் பழகியவருக்கு அந்த 15 நிமிடம் குறைவாகத் தோன்றாது. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் பென்சிலால் வரைய அனுமதி உண்டு என்றாலும், காவலரிடம் ஒருமுறை கேட்டுவிடுவதே முறை. லூவரில் தைல வண்ணத்தில் நகல் வரையத் தனி அனுமதி பெற வேண்டும். மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது என்ற விதியும் உண்டு.

அங்கேயும் பெயர்பெற்ற கூடங்களோடு நின்றுவிடாமல், தங்கியிருக்கும் பகுதியின் சிறிய ஓவியக்கூடங்களுக்கும் கலைப்பள்ளிக் கண்காட்சிகளுக்கும் வாரம் ஒருமுறையாவது செல்லுங்கள். இன்று வேலை செய்துகொண்டிருக்கும் ஓவியர்களோடு பேசும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். ஊரில் பழகிய அதே குறிப்பேட்டு முறையையும் அப்படியே தொடரலாம். பார்வையிட்ட நாள், கூடம், வரைந்த படம், குறிப்பு ஆகியவற்றை வரிசையாக வைத்திருந்தால், திரும்பி வந்ததும் கிரெடிட் மாற்றத்துக்குக் கேட்கப்படும் பாடத்திட்டம், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றோடு அந்தக் குறிப்பேட்டின் நகலையும் செய்த வேலைக்குச் சான்றாக இணைத்துக் கொடுக்கலாம்.