பூஞ்சை பிடித்த காகிதத் தொட்டி

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கத்தரி நாற்று விட, பழைய தமிழ் முரசு நாளிதழைச் சுருட்டி 12 தொட்டிகள் செய்தேன். ஆறாம் நாள் பார்த்தால் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஒன்றைத் தூக்கினேன், அடி அப்படியே பிய்ந்து மண் கொட்டியது.

தப்பு என்னுடையதுதான். நம்மூர்ப் புழுக்கத்தில் காகிதம் காய்வதே கஷ்டம். நானோ தொட்டிகளை நெருக்கி அடுக்கி, தினம் மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன்.

அப்புறம் டாய்லெட் ரோல் அட்டைக் குழாய்க்கு மாறினேன். ஒரு முனையில் 2 செண்டிமீட்டர் ஆழத்துக்கு நான்கு வெட்டு. பெட்டி மூடுவதுபோல் மடித்தால் அடிப்பாகம் தயார். விரலிடை விட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் உறிஞ்சவிட்டு, மீதியைக் கொட்டிவிடுவேன். தேங்கவிட்டால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வேறு!

அட்டையோடுதான் நடுகிறேன். ஆனால் மண்ணுக்கு மேலே நிற்கும் விளிம்பைக் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது திரிபோல ஈரத்தை மேலே இழுத்துக் காயவிடும். அடி மடிப்பையும் பிரித்துவிடுகிறேன், வேர் தடையில்லாமல் இறங்கட்டும் என்று. இந்த முறை 12-இல் 10 தேறின.