சப்வூஃபர் கேபிள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபருக்குக் கேபிள் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் எங்கே இருக்கிறது என்பதுதான். பெட்டியின் பின்புறத்தில் மின் இணைப்புக்கான ஒயர் இருந்தால் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அது ஆக்டிவ் சப்வூஃபர். ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவரிலிருந்து அதற்குச் செல்வது சில வோல்ட் அளவிலான மெல்லிய சிக்னல் மட்டுமே என்பதால், அதற்கு உலோகக் காப்புறை கொண்ட ஆர்சிஏ கேபிள் (முனையின் நடுவில் ஊசியும் சுற்றி வளையமும் உள்ளது) வேண்டும். மின் இணைப்பு இல்லாமல் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகள் மட்டும் இருந்தால் அது பாஸிவ் சப்வூஃபர். அதன் கூம்பை அசைக்கும் முழு ஆற்றலும் வெளியிலுள்ள ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர் வழியாக வந்தாக வேண்டும்.

இதைப் பாராமல் வாங்குவதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர். பாஸிவ் சப்வூஃபரை ரிசீவரின் சப் அவுட்டில் (சப்வூஃபருக்கான சிக்னல் வெளியீடு) நேரடியாக இணைத்தால் ஏறக்குறைய எதுவும் கேட்காது. அதைவிட மோசமானது, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் வரும் வலுவான சிக்னலை ஆக்டிவ் சப்வூஃபரின் ஆர்சிஏ உள்ளீட்டில் செலுத்துவது. உள்ளிருக்கும் சுற்று பழுதாகிவிடக்கூடும். ஸ்பீக்கர் ஒயரை ஏற்கும் 'ஹை லெவல்' உள்ளீடு சில ஆக்டிவ் சப்வூஃபர்களில் தனியாகத் தரப்பட்டிருக்கும். அதற்கு மட்டுமே அந்த வழி பொருந்தும்.

அடுத்த தவறு, கையில் கிடைத்த மெல்லிய சிவப்பு-வெள்ளை ஆடியோ கேபிளைப் பயன்படுத்துவது. மின்சாரம் நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. சப்வூஃபர் மிக நன்றாக ஒலிக்கும் எல்லையும் அதுவே. சிறிய ஸ்பீக்கரில் காதுக்கு எட்டாத மின் இரைச்சலைக்கூட சப்வூஃபர் 'ஹம்' என்ற உறுமலாக அறை முழுவதும் பரப்பிவிடும். எனவே இங்கே கேபிளின் தரம் என்றால் முதன்மையாக அதன் காப்புறையின் தரம்தான். நடுக்கம்பியைச் சுற்றி நெருக்கமான செம்புப் பின்னல் உள்ள கோஆக்ஸியல் கேபிள் மிகவும் ஏற்றது. ஆர்ஜி-6 வகைக் கேபிளில் ஆர்சிஏ முனைகள் பொருத்தினாலே போதும். பழைய வீடியோ இணைப்புக்கான மஞ்சள் முனைக் கேபிள் கோஆக்ஸியலாக இருக்குமானால், அதுவும் இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

75 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கொண்ட கேபிள்தான் வேண்டும் என்று தேடி அலையத் தேவையில்லை. சப்வூஃபருக்கென்றே ஆழ்ந்த ஒலியைக் கொண்டுவரும் எல்எஃப்இ சேனலின் உச்ச அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் கேபிளுக்குள் சிக்னலின் ஒரு அலைநீளம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால், சில மீட்டர் கேபிளில் அந்த ஓம் கணக்குக்கு எந்த வேலையும் இல்லை. நீளத்தைப் பற்றிய அச்சமும் இப்படித்தான். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் மின்தேக்குத் திறன் உள்ள 15 மீட்டர் கேபிளை 1,000 ஓம் வெளியீட்டில் இணைத்தாலும், சிக்னல் கணிசமாகக் குறைவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெர்ட்ஸில்தான். ஆழ்ந்த பாஸ் தரும் என்று சொல்லி மிக அதிக விலைக்கு விற்கப்படும் கேபிளுக்குப் பணம் கொடுப்பதை நான் சிறிதும் ஏற்க மாட்டேன். அந்தத் தொகை நல்ல சப்வூஃபருக்குச் செல்ல வேண்டியது.

எல்லா உறுமலுக்கும் கேபிளைப் பழிப்பதும் தவறே. சப்வூஃபர் முனையில் கேபிளைக் கழற்றிய பிறகும் உறுமல் நீடித்தால் குறை சப்வூஃபரிலோ அதன் மின் இணைப்பிலோ இருக்கிறது. இணைத்தால் மட்டும் வந்தால், கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி அவற்றுக்கிடையே உருவாகும் வளையம் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பாருங்கள். ரிசீவரோடு தொடர்புள்ள டிவி கேபிளைச் சற்று நேரம் கழற்றிப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால், சிக்னலை மட்டும் கடத்தி எர்த் வளையத்தைத் துண்டிக்க, சிக்னல் வழியில் பொருத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. உறுமலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முனையை வெட்டுவதோ மறைப்பதோ உயிருக்கு ஆபத்து. அதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. சிக்னல் கேபிளை மின் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்வதும் உறுமலைக் குறைக்கும்.

சப்வூஃபரில் இடம், வலம் என இரண்டு உள்ளீடுகள் இருப்பதைக் கண்டு ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் 'ஒய்' ஸ்ப்ளிட்டர் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்எஃப்இ என்று குறித்த ஒரே உள்ளீட்டில் ஒரே கேபிளை மாட்டினால் போதும். பல சப்வூஃபர்களில் ஸ்ப்ளிட்டர் சுமார் 6 டெசிபெல் கூட்டித் தரும். ஒலியளவுத் திருகைக் கூட்டினாலும் அதே பலன் கிடைக்கும். ஆனால் ஒரு வெளியீட்டை இரண்டு சப்வூஃபர்களுக்குப் பிரிக்க ஸ்ப்ளிட்டர் சரியான வழி. இரண்டு வெளியீடுகளை ஒரே உள்ளீட்டில் சேர்க்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பாஸிவ் சப்வூஃபருக்கோ கம்பியின் தடிமன்தான் முக்கியம். அதைக் குறிப்பது கேஜ்; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 4 ஓம் சப்வூஃபர் 10 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 20 மீட்டர் செம்பு இருக்கிறது. 18 கேஜ் ஒயரில் இதன் தடை சுமார் 0.4 ஓம், 14 கேஜில் 0.17 ஓம்தான். செம்பு பூசிய அலுமினிய ஒயரின் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதால், உறையில் எழுதியிருக்கும் கேஜை மட்டும் நம்பி அதை வாங்கக்கூடாது.

சப்வூஃபரை வைக்கும் இடம் மாறினால் பாஸும் வெகுவாக மாறும் என்பதால், முதலில் ஒரு நீளமான தற்காலிகக் கேபிளோடு இடத்தை முடிவு செய்துவிட்டு, சுவரோரமாகச் செல்லும் பாதையை அளந்து, ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்த்து வாங்குங்கள். மாட்டும்போது சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். ஆர்சிஏ முனையின் நடு ஊசி வெளி வளையத்துக்கு முன்பே தொட்டுவிடும் என்பதால், இயங்கும் சப்வூஃபரில் அது பலத்த அதிர்வோடு கூம்பைத் தள்ளிவிடும்.