எல்லாச் சுற்றும் ஒரே சுற்று இல்லை: ரொட்டேட், ரிவால்வ், ஸ்பின் குழப்பம்

பேச்சுத் தமிழில் ‘சுத்துது’ என்ற ஒரு சொல்லே பல வேலை பார்த்துவிடும். ஃபேன் சுத்துது, பூமி சூரியனைச் சுத்துது, தலை சுத்துது. இதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஏதோ ஒரு வினையைப் பிடித்து எல்லா இடத்திலும் போடும்போதுதான் தவறு வருகிறது.

அதிகம் பேர் வழுக்குவது ‘தி எர்த் ரொட்டேட்ஸ் அரவுண்ட் தி சன்’ என்ற வாக்கியத்தில். ரொட்டேட் என்பது தன் அச்சிலேயே சுழல்வது, அதாவது பள்ளியில் படித்த தற்சுழற்சி. பூமிக்கு அதற்கு ஏறத்தாழ 23 மணி 56 நிமிடம் ஆகிறது. வேறொன்றை நடுவில் வைத்து வலம் வந்தால் ரிவால்வ். சூரியனை அப்படிச் சுற்றிவரப் பூமிக்கு சுமார் 365¼ நாள். நிலா இரண்டையும் ஏறக்குறைய 27.3 நாளிலேயே முடிக்கிறது. ரொட்டேட் ஆகும் நேரமும் ரிவால்வ் ஆகும் நேரமும் சமம். நாம் எப்போதும் அதன் ஒரே முகத்தைப் பார்ப்பது இதனால்தான்.

இதையே இரும்புச் சட்டமாகப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். ரிவால்விங் டோர் தன் அச்சில்தான் சுழல்கிறது. இன்ஜின் வேகத்தைச் சொல்லும் ஆர்பிஎம்மில் உள்ள ஆர், ரெவல்யூஷன்ஸ், அதாவது ரிவால்வின் பெயர்ச்சொல். அன்றாட ஆங்கிலத்தில் ரிவால்வ் அச்சுச் சுழற்சிக்கும் வரும். கோள்களைப் பற்றி எழுதும்போதுதான் கறாராக இருக்க வேண்டும்.

ஸ்பின்னில் வேகம் உண்டு. பம்பரம் ஸ்பின் ஆகும். கடிகார முள்ளுக்கு அந்தச் சொல் பொருந்தாது. தலைசுற்றலுக்கும் ‘மை ஹெட் இஸ் ஸ்பின்னிங்’ என்பதே வழக்கு. அங்கே ரொட்டேட் போட்டால், கேட்பவர் உங்கள் கழுத்தைத்தான் பார்ப்பார். ரோல் என்றால் உருண்டு நகர வேண்டும். சேற்றில் சிக்கிய காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாருங்கள்: சக்கரம் விர்ரென்று சுழன்று சேற்றை வாரியடிக்கும், வண்டி அசையாது. ‘தி வீல்ஸ் ஆர் ஸ்பின்னிங்’ என்பது அந்த நிலை. பிடி கிடைத்து, சக்கரம் தரையில் உருண்டு வண்டி நகர்ந்தால் அது ரோல்.

மனிதர்களுக்குப் பெரும்பாலும் டர்ன் போதும். ‘ஹி ரொட்டேட்டட் ஹிஸ் ஹெட்’ என்றால் இயந்திர மனிதனைப் பற்றியோ உடற்பயிற்சிக் குறிப்பைப் பற்றியோ பேசுவதுபோல இருக்கும். ஓட்டுநரிடமும் ‘டர்ன் லெஃப்ட்’தான், போட்டோவை இடப்பக்கம் சுழற்றும் கட்டளைக்கு ‘ரொட்டேட் லெஃப்ட்’. இன்னொரு பொறி அரவுண்ட். ‘ஷி டர்ன்ட் அரவுண்ட்’ என்றால் நின்ற இடத்திலேயே பின்பக்கம் திரும்பினாள். மரத்தைச் சுற்றிப் போனாள் என்று சொல்ல ‘வென்ட் அரவுண்ட் தி ட்ரீ’ வேண்டும்.

ட்விஸ்ட்டில் முறுக்கல் இருக்கும். ஒரு முனை பிடிபட்டிருக்க, மறுமுனை திருகும். ஈரத்துணியை முறுக்குவதும் கணுக்கால் பிசகுவதும் இந்த வகை. பாட்டில் மூடிக்கு டர்ன், ட்விஸ்ட் இரண்டும் சரி. பூட்டில் போட்ட சாவிக்கு வழக்கமாக வருவது டர்ன். ட்விஸ்டட் கீ என்று சொன்னால் கேட்பவர் மனதில் வருவது வளைந்துபோன சாவி.