லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் பாஸ்வேர்ட் கேட்க வைப்பது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது பாஸ்வேர்ட் கேட்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். கடைசியாக எப்போது லேப்டாப்பை முழுசாக ஷட் டவுன் செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூடியைச் சாத்துகிறோம், எழுந்து போகிறோம், வந்து திறந்தால் விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. இதுதான் ஸ்லீப். அந்த நேரத்தில் பாஸ்வேர்ட் கேட்காவிட்டால் திறந்து கிடக்கிற மெயில், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட்கள், பாதி எழுதிய கடிதம் எல்லாம் மூடியைத் திறக்கிற யார் கையிலும் போய்விடும்.

முதலில், உங்கள் யூசர் அக்கவுண்ட்டுக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட்டில் கீழே சொல்கிற எதை மாற்றினாலும் பலன் கிடையாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் திறந்து அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போங்கள். நீங்கள் எழுந்து போய்த் திரும்பினால் எப்போது மறுபடி சைன்-இன் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும் (11-இல் கொஞ்சம் கீழே, அடிஷனல் செட்டிங்ஸ் பகுதியில்). அதில் 'நெவர்' என்று இருந்தால் அதுதான் ஓட்டை. ஸ்லீப்பிலிருந்து எழும்போது என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அதற்குப் பதிலாக ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று நேரக் கணக்கு வரும், அங்கே 'எவ்ரி டைம்' வையுங்கள், ஏனென்றால் அந்த மூன்று நிமிடத்துக்குள் திறந்தால் எதுவும் கேட்காது. இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற பழைய மெஷின் என்றால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து இடது பக்கம் பாருங்கள், எழும்போது பாஸ்வேர்ட் கேட்பதற்கான லிங்க் அங்கேயே இருக்கும். தேர்வுகள் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் மேலே உள்ள வரியை கிளிக் செய்து அட்மின் அனுமதி கொடுக்க வேண்டும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், லாக் ஸ்கிரீன். திரை அணைந்த பிறகு எவ்வளவு நேரத்தில் பாஸ்வேர்ட் கேட்கலாம் என்பதை 'இம்மீடியட்லி' ஆக்குங்கள். உபுண்டுவில் செட்டிங்ஸில் ப்ரைவஸி பக்கம், ஸ்கிரீன் லாக் பகுதி. அங்கே தானாக லாக் ஆவதற்கு ஒன்று, சஸ்பெண்ட் (ஸ்லீப்புக்கு அங்கே இதுதான் பெயர்) ஆகும்போது லாக் ஆவதற்கு ஒன்று என இரண்டு சுவிட்ச் உண்டு, இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

மாற்றியதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். மெஷினை ஸ்லீப்பில் போட்டு, கொஞ்சம் பொறுத்து எழுப்பிப் பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்தும் ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் மூடினால் எதுவுமே செய்யாதே என்று பவர் செட்டிங்கில் இருந்தால் லேப்டாப் ஸ்லீப்புக்கே போகாது, பாஸ்வேர்டும் கேட்காது. சும்மா இரண்டு நிமிடம் எழுந்து போவதற்கு ஸ்லீப்பும் வேண்டாம்: விண்டோஸிலும் உபுண்டுவிலும் விண்டோஸ் கீயோடு எல், மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை உடனே லாக் ஆகிவிடும்.

அப்புறம் இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இந்தப் பாஸ்வேர்ட் திரையைத்தான் பூட்டுகிறது, டிஸ்க்கைப் பூட்டுவதில்லை. லேப்டாப் திருடு போய், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்களைப் படித்துவிடலாம். அதற்கு விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் போன்ற டிஸ்க் என்கிரிப்ஷன் வேண்டும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ளதை மாற்றி வைப்பது. அதிலும், ஸ்லீப்பில் இருக்கும்போது மெமரிக்கு (ரேம்) மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் என்கிரிப்ஷன் சாவி பொதுவாக அங்கேயே தங்கியிருக்கும், 2008-இல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் மெமரியைக் குளிரவைத்து அந்தச் சாவியை எடுத்தே காட்டினார்கள். அதனால் முக்கியமான ஃபைல்கள் உள்ள மெஷினோடு பயணம் போகும்போது ஸ்லீப்பில் விடாமல் ஷட் டவுன் செய்துவிடுங்கள்.