பழங்காலக் கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு கால்பந்துக் குழு போட்டி நடத்தி விழா மலர் அச்சிட முன்வந்தால், கட்டுரை கேட்கப்படுபவர்களில் பாதிப்பேர் பெலேயையும் மீதிப்பேர் மரடோனாவையும் எடுத்துக்கொள்கிறார்கள். இருவரைப் பற்றியும் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. ஒரு நாட்டில் அந்த ஆட்டத்தை முதன்முதலில் ஆடத் துணிந்தவர்களின் வாழ்க்கை அதைவிடச் சுவையானது. ஆனால் அதை எழுதச் சற்றுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத் துருக்கியின் முதல் கால்பந்து வீரர் எனப் போற்றப்படும் ஃபுவாத் ஹுஸ்னு கயாஜான் மிகப் பொருத்தமானவர். அவருடைய வாழ்நாளுக்குள் அந்த நாட்டின் ஆட்சி, நாட்காட்டி, எழுத்து, குடிமக்களின் பெயர்முறை ஆகிய நான்கும் மாறிவிட்டன. அப்படிப்பட்ட ஒருவரைப் பிழையின்றி எழுதப் பழகியவருக்குச் சிங்காநல்லூரில் மில் அணிக்கு ஆடி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் கதையை எழுதுவது கைவந்த கலையாகிவிடும்.

எழுத உட்காரும்போது முதலில் குறிக்க வேண்டியது பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் அல்ல. இந்த மனிதர் ஆடுவதற்கு எது தடையாக இருந்தது என்ற கேள்வியை ஒரு தாளின் தலைப்பில் எழுதி, அதற்குக் கிடைக்கும் விடைகளை அதன் கீழ் வரிசைப்படுத்துங்கள். முன்னோடி வீரர்களின் வாழ்க்கையில் கோல்களைவிடத் தடைகளே அதிகம் பேசும். ஃபுவாத் ஹுஸ்னு 1879-இல் பிறந்தவர். கடற்படை உயரதிகாரி ஒருவரின் மகன். தாமும் கடற்படையில் சேர்ந்தவர். அப்போது உதுமானியப் பேரரசை ஆண்ட இரண்டாம் அப்துல் ஹமீது, இளைஞர்கள் நாலைந்து பேர் ஒன்றுகூடினாலே அதைச் சதியாகப் பார்த்தவர். இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள காடிக்கோய், மோடா ஆகிய பகுதிகளில் குடியிருந்த ஆங்கிலேய வணிகக் குடும்பத்தாரும், கிரேக்க இளைஞர்களும் கால்பந்து ஆடுவதைத் தடுக்காத அரசு, முஸ்லிம் குடிமக்கள் அணி அமைப்பதைப் பொறுக்கவில்லை. அதனால்தான் ஃபுவாத் ஹுஸ்னுவும் நண்பர் ரெஷாத் தானியாலும் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு 'பிளாக் ஸ்டாக்கிங்' (கறுப்புக் காலுறை) என்று ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். அந்தக் குழு 1901 அக்டோபர் 26 அன்று காடிக்கோயில் உள்ள பாபாஸின் சாயிரி என்ற புல்வெளியில் ஒரு கிரேக்க அணியுடன் மோதி 5-1 என்ற கணக்கில் தோற்றது. காவலர்கள் புகுந்தார்கள், குழுவின் ஆயுள் அந்த ஓர் ஆட்டத்தோடு முடிந்தது.

இந்த நிகழ்ச்சியை எப்படி எழுதுவது என்பதில்தான் எழுதுபவரின் தரம் தெரியும். "அடக்குமுறைக்கு அஞ்சாத மாவீரர் அன்று வரலாறு படைத்தார்" என்று எழுதினால், வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மாறாக, அணியின் பெயர், கறுப்புக் காலுறைகள், ஆடிய புல்வெளி, 5-1 என்ற தோல்விக் கணக்கு, காவலரின் வருகை ஆகியவற்றை நடந்த வரிசையில் அடைமொழியின்றி வையுங்கள். தோல்விக் கணக்கை மறைக்கவே கூடாது. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கியவர் பிறகும் ஆடினார் என்பதுதான் செய்தி. அவர் பின்னர் ஆங்கிலேயர் நிறைந்த காடிக்கோய் குழுவில் 'பாபி' என்ற பெயரில் ஒளிந்து ஆடினார். ஒரு கடற்படைக்காரர் தம் சொந்த நகரத்தில் அந்நியப் பெயரைப் பூண்டு பந்து உதைத்தார் என்பதைவிட வலுவான அடைமொழி எந்த அகராதியிலும் கிடையாது. அடைமொழிகளை வாரி இறைப்பது நம் ஊர் மலர்களைப் பிடித்த பழைய நோய் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து 'முதல்' என்ற சொல்லைப் பயன்படுத்துமுன் அதன் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். உதுமானிய மண்ணில் அவருக்கு முன்பே ஆங்கிலேயரும் கிரேக்கரும் ஆடியிருக்கிறார்கள். எனவே துருக்கிய முஸ்லிம்களில் முதல்வர் என்று எழுதுவதே நேர்மை. நம் பக்கத்திலும் இதே சிக்கல் வரும். 1970-இல் ஈரோட்டுக்காரர் ஒருவர் மாவட்ட அணிக்கு ஆடினார் என்றால் அது கோவை மாவட்ட அணி. ஈரோட்டை உள்ளடக்கிய பெரியார் மாவட்டம் பிரிந்தது 1979-இல்தான். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-இல். "ஈரோடு மாவட்டத்தின் முதல் வீரர்" என்ற பட்டத்தை 1979-க்கு முந்தைய ஒருவருக்குக் கொடுப்பது, அவர் ஆடாத அணிக்கு அவரைச் சேர்ப்பதாகும்.

நாள்களைச் சரிபார்ப்பதற்கு ஒரு முழு மாலை நேரத்தை ஒதுக்குங்கள், ஏனெனில் பழைய வீரர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். உதுமானிய அலுவலகங்களில் ரூமி என்னும் சூரிய ஆண்டு புழக்கத்தில் இருந்தது. அது மார்ச் முதல் தேதி பிறக்கும். ரூமி ஆண்டின் எண்ணோடு 584-ஐக் கூட்டினால் நாம் புழங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடந்தவற்றுக்கு 585-ஐக் கூட்ட வேண்டும். நாள் கணக்கும் பழைய ஜூலியன் முறையில் ஓடியதால், 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளோடு 13 நாள்களைச் சேர்க்க வேண்டும். ஆகவே பழைய ஏட்டில் 1317 அக்டோபர் 13 என்று இருந்தால் அது நம் கணக்கில் 1901 அக்டோபர் 26. இந்த 13 நாள் வேறுபாட்டை 1917-இல் நீக்கினார்கள். அடுத்த ஆண்டு முதல் புத்தாண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. 1926 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆண்டின் எண்ணும் உலக வழக்கோடு ஒன்றிவிட்டது. ஒருவரின் பிறந்த ஆண்டு இரண்டு நூல்களில் ஓராண்டு வேறுபட்டால், அவர் குளிர்காலத்தில் பிறந்தவரா என்று முதலில் பாருங்கள்.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. தாத்தாவின் ஜாதகத்திலோ தோட்டத்துப் பத்திரத்திலோ "பிலவ வருஷம் தை மாதம்" என்று எழுதியிருந்தால், பிலவ ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும் என்பதைக் கிராமத்து ஜோசியர் நொடியில் சொல்வார். அதோடு அறுபதாண்டுச் சுழற்சியையும் கவனிக்க வேண்டும்: பிலவ ஆண்டு 1901-இலும் வந்தது, 1961-இலும் வந்தது, 2021-இலும் வந்தது. எது சரி என்பதை அந்தப் பத்திரத்தில் உள்ள முத்திரைத்தாளோ, கையொப்பமிட்டவரின் வயதோ காட்டிக்கொடுக்கும்.

பெயர்களுக்கு வருவோம். 1934-இல் குடும்பப்பெயர்ச் சட்டம் இயற்றப்படும் வரை துருக்கியருக்கு நிலையான குடும்பப்பெயர் கிடையாது. பெயருக்குப் பின்னால் 'பே' என்ற மரியாதைச் சொல்லே வரும். கலாட்டாசராய் குழுவை 1905-இல் பள்ளித் தோழர்களோடு தொடங்கிய அலி சாமி பேயும், பிற்கால நூல்களில் வரும் அலி சாமி யென் என்பவரும் ஒருவரே. ஃபுவாத் ஹுஸ்னுவுக்குக் கயாஜான் என்ற பின்னொட்டு வந்ததும் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். எனவே தலைப்பில் முழுப்பெயரைக் கொடுத்துவிட்டு, 1934-க்கு முந்தைய நிகழ்ச்சிகளை விவரிக்கும்போது ஃபுவாத் ஹுஸ்னு என்று மட்டும் எழுதுவது நன்று. நாட்டின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும்: குடியரசு அறிவிக்கப்பட்டது 1923 அக்டோபர் 29 அன்று, அதற்கு முன் நடந்த எதையும் துருக்கிக் குடியரசின் கணக்கில் எழுதக்கூடாது. எழுத்து வடிவத்தைப் பொறுத்தவரை, 1928 வரை துருக்கி மொழி அரபு எழுத்துகளில் எழுதப்பட்டதாலும், அதே நகரத்தின் பிரெஞ்சு இதழ்கள் ஊர்ப்பெயர்களைத் தங்கள் வழக்கப்படி எழுதியதாலும், ஒரே குழு மூன்று வடிவங்களில் தென்படும். அவற்றை மூன்று குழுக்களாக எண்ணிவிடாதீர்கள். இன்றைய துருக்கி எழுத்துமுறையில் ஆங்கில 'சி' (c) எனத் தோன்றும் எழுத்துக்கு 'ஜ' ஒலி என்பதை நினைவில் வைத்தால் கயாஜான் கயாகான் ஆகமாட்டார்.

கோல் கணக்கு எழுதும் பகுதிக்கு ஃபுவாத் ஹுஸ்னுவைவிட அவருக்கு அடுத்த தலைமுறையின் ஸெக்கி ரிஸா ஸ்போரெல் நல்ல பாடம். 1898-இல் பிறந்த அவர் ஃபெனர்பாச்சே குழுவுக்கே தம் ஆட்டக்காலம் முழுவதையும் கொடுத்தவர். நாட்டு அணிக்காக 16 ஆட்டங்களில் 15 கோல்கள் அடித்தார் என்பதைத் தயங்காமல் எழுதலாம், ஏனெனில் நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களுக்கு எதிரணியின் நாட்டிலும் பதிவு இருக்கும். இரண்டையும் ஒத்துப்பார்க்க முடியும். ருமேனியாவுடன் 1923 அக்டோபர் 26 அன்று தக்ஸிம் மைதானத்தில் 2-2 என முடிந்த துருக்கியின் முதல் பன்னாட்டு ஆட்டத்தில் இரண்டு கோல்களும் அவருடையவை. 1924 ஜூன் 17 அன்று ஃபின்லாந்தை 4-2 என வென்றபோது நான்கும் அவருடையவை. ஆனால் தம் குழுவுக்காக 352 ஆட்டங்களில் 470 கோல்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் எண்ணை அப்படியே வாங்கி வைக்கக்கூடாது. அக்காலத்து இஸ்தான்புல் லீக்கில் ஒரு பருவத்துக்கு ஆட்டங்கள் மிகக் குறைவு. 1904-05-இல் நடந்த முதல் பருவத்தில் நான்கே குழுக்கள்தாம் இருந்தன. ஆகையால் பெரிய எண்களுக்குள் நட்பு ஆட்டங்களும் கலந்திருக்கும். எண்ணைத் தருவதாயின் "நட்பு ஆட்டங்கள் உட்பட" என்றோ, "குழுவின் கணக்குப்படி" என்றோ ஒரு தொடரைச் சேர்த்துவிட்டால் போதும்.

சில கோல்களுக்கு எண்ணிக்கைக்கு மேற்பட்ட எடை உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் இஸ்தான்புல்லை நேச நாட்டுப் படைகள் பிடித்துவைத்திருந்தன. அந்தப் படையின் தளபதி ஜெனரல் ஹாரிங்டன் பெயரால் ஒரு கோப்பை வைத்து, 1923 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ் படைவீரர் அணியும் ஃபெனர்பாச்சேயும் மோதின. பிரிட்டிஷ் அணி முதலில் கோல் அடித்தது. பிறகு ஸெக்கி ரிஸா இரண்டு கோல்கள் அடிக்க, ஆட்டம் 2-1 என முடிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அந்தப் படைகள் நகரத்தை விட்டு வெளியேறின. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு எழுதுபவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கோப்பைக்காகத்தான் படை வெளியேறியது என்ற எண்ணத்தை மட்டும் வாசகருக்கு ஊட்டிவிடக்கூடாது, அது ஒப்பந்தங்களின் விளைவு.

இதே முறையை உள்ளூர் வீரர் ஒருவருக்குப் பொருத்தும்போது ஏடுகளுக்குப் பதிலாக மனிதர்களைக் கேட்க வேண்டியிருக்கும். "எந்த வருஷமுங்கய்யா?" என்று நேரடியாகக் கேட்டால் "அது ஆச்சுங்க அம்பது வருஷத்துக்கு மேல" என்ற விடைதான் வரும். பவானிசாகர் அணை கட்டி முடிந்த 1955-க்கு முன்பா பின்பா, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது ஆடிக்கொண்டிருந்தீர்களா, பெரிய மகளுக்கு அப்போது என்ன வயது என்று கேளுங்கள். இரண்டு மூன்று விடைகளில் ஆண்டு தானாக இறுகிவிடும். அங்கும் தடையைக் கேட்க மறவாதீர்கள். முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆட வந்தவரா, ஆட்டத்துக்காகச் சம்பளம் விட்டவரா, பூட்ஸ் யார் வாங்கிக் கொடுத்தது என்பவற்றுக்கெல்லாம் பெரியவர்கள் மனம் திறந்து பதில் சொல்வார்கள். எத்தனை கோல் என்ற கேள்விக்குக் கூச்சப்படுவார்கள், அல்லது கூட்டிச் சொல்வார்கள்.

அவர் வீட்டுச் சுவரில் குழுப்படம் ஒன்று தொங்கினால், அனுமதி பெற்றுச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையும் சில சமயம் நீல மையில் எழுதிய தேதியும் அங்கே இருக்கும். முன்பக்கத்தில், தரையில் சம்மணமிட்டவர்களின் நடுவே வைத்த தோல் பந்தின் மேல் வெள்ளை வண்ணத்தில் ஆண்டு தீட்டப்பட்டிருக்கலாம். பந்தின் வாயைக் கட்டிய தோல்வார் தெரிந்தால் அது பழைய பந்து என்பது உறுதி. படத்தைக் கைப்பேசியில் எடுக்கும்போது கண்ணாடியை நீக்கிவிட்டு, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு வைத்து எடுத்தால் முகங்கள் தெளியும். பிறகு பெரியவரைப் பக்கத்தில் அமர்த்தி, நிற்பவர்கள், நாற்காலியில் அமர்ந்தவர்கள், தரையில் அமர்ந்தவர்கள் என வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் பெயர்களை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் ஆடிய இடத்தையும் வேலை பார்த்த மில்லையும் எழுதிக்கொண்டு, அந்தத் தாளையும் படத்தின் நகலையும் ஒரே உறையில் போட்டு மலர்க் குழுவிடம் கொடுங்கள்.