கீமோ நாட்களில் ஓய்வும் தைரியமும் மட்டும் போதாது: ரத்தப் புற்றுநோய்க் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் தாராளமாகக் கொடுப்பவை இரண்டு: ஓய்வு, தைரியம். "நீங்க அசையவே வேண்டாம்ப்பா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பது ஒன்று. "மனசை விட்டுடாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்பது இன்னொன்று. இரண்டும் பாசத்தில் வருபவைதான். ஆனால் உடற்பயிற்சி இருக்க வேண்டிய இடத்தில் ஓய்வும், கவுன்சலிங் இருக்க வேண்டிய இடத்தில் தைரியமும் போய் உட்கார்ந்துகொள்வதால் பல குடும்பங்களில் நோயாளி தேவைக்கு மேல் துவண்டு போகிறார்.

இங்கே பேசுவது அக்யூட், அதாவது வேகமாக முற்றும் வகைகளைப் பற்றி: ஏஎம்எல் (அக்யூட் மைலாய்டு லுக்கேமியா), ஏஎல்எல் (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா). மெதுவாக வளர்ந்து, பெரும்பாலும் மாத்திரையிலேயே சமாளிக்கப்படும் சிஎம்எல் வகையின் கதை வேறு. ஏஎம்எல்லுக்கு வழக்கமான முதல் சுற்றை '7+3' என்பார்கள்: சைட்டரபின் 7 நாள், டானோரூபிசின் போன்ற மருந்து 3 நாள். மருந்து ஏறுவது ஒரு வாரம்தான். ரத்த அணுக்கள் சரிந்து, மறுபடி தலைதூக்கும்வரை ஏறக்குறைய நாலு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவரும். அத்தனை நாளும் கட்டிலோடு கிடந்தால் தொடைத் தசை கரைகிறது. தசை கரைந்தால் பாத்ரூம் வரை நடப்பதே பெரிய வேலையாகிறது, அதனால் இன்னும் படுக்கிறார். கீமோ தரும் சோர்வு தூங்கி எழுந்தால் போகிற சோர்வு அல்ல. அளவான நடமாட்டம் அதைக் குறைக்கிறது என்பதற்குத்தான் ஆய்வுகளில் ஆதாரம் அதிகம். 2018-இல் ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவ வல்லுநர் சங்கமான கோசா, உடற்பயிற்சியைப் புற்றுநோய் சிகிச்சையின் வழக்கமான பகுதியாகவே சேர்க்க வேண்டும் என்று அறிவித்தது.

சரி, அப்படியானால் எழுந்து நடக்க வேண்டியதுதானே என்று கிளம்புவது அடுத்த தவறு.

ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பயிற்சி

மற்ற புற்றுநோய்களுக்கு எழுதப்பட்ட பயிற்சி ஆலோசனையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ரத்தப் புற்றில் நோயும் மருந்தும் சேர்ந்து, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையே அடிக்கின்றன. அதனால் இன்று என்ன செய்யலாம் என்பதை அன்றைய சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையின் ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பிளேட்லெட், அதாவது ரத்தக் கசிவை நிறுத்தும் தட்டணுக்கள். எல்லைகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பரவலாக உள்ள வழக்கம் இது: 50,000-க்கு மேல் இருந்தால் லேசான எடை, ரப்பர் பட்டை போன்ற பயிற்சிகள் செய்யலாம். 20,000 முதல் 50,000 வரை என்றால் எடை வேண்டாம், நடையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் போதும். அதற்கும் கீழே போனால் அறைக்குள் மெதுவான அசைவுகள் மட்டும். 10,000-க்குக் கீழே என்றால் பிளேட்லெட் ஏற்றி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அத்தியாவசிய நடமாட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் லேப்களில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. பல ரிப்போர்ட்களில் பிளேட்லெட்டை லட்சக் கணக்கில் அச்சடிப்பார்கள். 0.18 என்று இருந்தால் அது 18,000. "போன வாரம் 0.2, இந்த வாரம் 0.18, பெருசா வித்தியாசமில்லை" என்று படித்துவிட்டுப் போனால், நோயாளி 20,000 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது கண்ணில் படாது. ஒரு நோட்டில் தேதி போட்டு முழு எண்ணாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் வெள்ளையணு. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், அதில் தொற்றோடு மோதும் நியூட்ரோபில் என்ற வகை எத்தனை என்று பாருங்கள். மொத்தம் 1,200, அதில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால் கையில் இருப்பது 360 மட்டுமே. 500-க்குக் கீழே தொற்று அபாயம் மிக அதிகம். இதற்காக நடையை விட வேண்டியதில்லை, நடக்கும் இடத்தை மாற்றினால் போதும். அறைக்குள்ளும், மருத்துவர் அனுமதித்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு கூட்டமில்லாத வராந்தாவிலும் நடக்கலாம். ஜிம், நீச்சல் குளம், பூந்தொட்டி மண் கிளறுவது, கட்டட வேலை நடக்கும் பக்கம் காலாற உலாவுவது எல்லாம் கூடாது. மண்ணிலும் கட்டடத் தூசியிலும் இருக்கும் பூஞ்சை இவர்களின் நுரையீரலைப் பிடித்துக்கொண்டால் சமாளிப்பது கடினம்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் மூச்சு வாங்கும், வேகத்தைக் குறைக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்று பயிற்சி இல்லை. "காலையில பாத்துக்கலாம்" என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கவும் கூடாது. நியூட்ரோபில் குறைந்த நேரத்துக் காய்ச்சல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

"யோகாதானே, அதுல என்ன ஆயிடப் போகுது?" என்ற பேச்சு எனக்குப் பயம் தருகிறது. பிளேட்லெட் குறைந்திருக்கும்போது சிரசாசனம், சர்வாங்காசனம், கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் எதுவும் வேண்டாம். தலைக்குள் அழுத்தம் ஏறினால் மூளையிலோ கண்ணிலோ ரத்தம் கசியலாம். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்கில்தான் சேரும். மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சியில் தவறில்லை.

ஒரு நாள் பயிற்சி என்பது இவ்வளவுதான்: கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காருவது, தலை சுற்றவில்லை என்றால் பாதங்களை மேலும் கீழும் அசைப்பது, நாற்காலியில் ஐந்து முறை உட்கார்ந்து எழுவது, சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் ஒரு நடை. 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு திணறினால் வேகம் அதிகம். நெஞ்சு வலி, மயக்கம், கடும் தலைவலி, மூக்கில் ரத்தம், தோலில் புதிய சிவப்புப் புள்ளிகள் என்று ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற ரத்தக் குழாய்க்குள் விடும் நீண்ட மெல்லிய குழாய்) போட்டிருப்பவர்கள் பயத்தில் அந்தக் கையை மார்போடு சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். கனம் தூக்கக் கூடாது என்பது சரி, ஆனால் தோளை அசைக்காமலே விட்டால் அது இறுகிவிடும்.

மருந்துக்கு மருந்து மாறும் எச்சரிக்கை

ஏஎல்எல் நோயாளிக்கு வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, ஆஸ்பராஜினேஸ் மூன்றும் சேர்ந்தே வரும். மூன்றும் மூன்று விதமாகக் காலைத் தாக்கும்.

வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடப்பது, மாடிப்படியில் கால் விரல் இடிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். குதிகாலில் நடந்து காட்டச் சொன்னால் முடியாது. இதை "பலவீனம், போகப் போகச் சரியாயிடும்" என்று விடாமல் மருத்துவரிடம் சொன்னால் பிசியோதெரபிஸ்ட் பாதத்துக்குத் தாங்கி கொடுப்பார். வெறுங்காலோடு நடப்பதையும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஸ்டீராய்டு தொடைத் தசையைத் தின்னும். தரையிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கும். இதற்கு உட்கார்ந்து எழும் பயிற்சியே உதவும். ஆனால் இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி வந்து நொண்டினால் வலியோடு நடந்து பழகக் கூடாது. எலும்புக்கு ரத்தம் போகாமல் அது நசிந்துகொண்டிருக்கலாம், குறிப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு.

ஆஸ்பராஜினேஸ் ரத்தத்தை உறைய வைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் நம் வீடுகளில் முதலில் என்ன செய்வோம்? எண்ணெய் தேய்த்துக் கால் அமுக்கிவிடுவோம். அதைச் செய்யவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

தைரியம் சொன்னால் கவுன்சலிங் ஆகிவிடாது

"எனக்கென்ன பைத்தியமா?" என்று நோயாளி கேட்பதைவிட, "அவருக்கு அதெல்லாம் தேவையில்ல, ரொம்ப ஸ்ட்ராங்கான ஆளு" என்று குடும்பம் சொல்வதுதான் அதிகம். டாக்டரின் அறைக்கு வெளியே நின்று, "அப்பாகிட்ட மட்டும் நோய் பேரைச் சொல்லிடாதீங்க சார்" என்று கெஞ்சுவதும் உண்டு. வார்டு வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது, தெரியும் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. எப்படி, எவ்வளவு, யார் சொல்வது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவுசெய்ய உதவுவது கவுன்சலரின் முக்கியமான வேலைகளில் ஒன்று. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

"தைரியமா இருங்க" என்ற வாக்கியம் பேச்சை முடித்துவைக்கிறது. "இன்னிக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். பதில் பல சமயம் சாவைப் பற்றி இருக்காது. கடன், மகளின் ஃபீஸ், முடி கொட்டியது, ராத்திரி தூக்கம் என்றுதான் இருக்கும். புற்றுநோய் மருத்துவத்தில் டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் என்று ஓர் எளிய அளவுகோல் உண்டு. கடந்த ஒரு வார மனவேதனையை 0 முதல் 10 வரை நோயாளியே குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாக விசாரிக்க வேண்டும். நர்ஸிடம் கேட்கத் தயங்கினால் வீட்டிலேயே கேட்டுக் குறித்துவையுங்கள்.

ஸ்டீராய்டு நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார், சின்ன விஷயத்துக்குக் கத்துவார். மருந்து நின்றதும் சுருண்டு படுத்துக்கொள்வார். "நோய் வந்ததும் குணமே மாறிடுச்சு" என்று மனைவி அழுவார். குணம் மாறவில்லை, பெரும்பாலும் மருந்தின் வேலை அது. மருத்துவரிடம் சொன்னால் மருந்து கொடுக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றிப் பார்ப்பார். ஆனால் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால் கவுன்சலருக்காகக் காத்திருக்கக் கூடாது. அது தொற்றாகவோ ரத்தக் கசிவாகவோ இருக்கலாம், டாக்டர் உடனே பார்க்க வேண்டும்.

எழ மறுப்பவரை "சோம்பேறித்தனம்" என்பதும் இப்படித்தான். ஹீமோகுளோபின் 6.5-இல் எழ முடியாமல் கிடப்பவருக்கு உபதேசம் எதற்கு? ரத்தம் ஏற்றிய பிறகும், எண்ணிக்கை தேறிய பிறகும் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தால் அப்போது மனச்சோர்வைச் சந்தேகிக்கலாம்.

கீமோ தொடங்குமுன் நடக்க வேண்டிய ஒரு பேச்சு கூச்சத்தால் நழுவிப்போகிறது. கல்யாணம் ஆகாத இளைஞன் என்றால், முதல் மருந்து ஏறுமுன் விந்தணுவைச் சேமித்து வைக்கலாமா என்று கேட்க வேண்டும். பெண்களுக்கு அக்யூட் வகைகளில் அவகாசம் குறைவு, ஆனாலும் கேட்டுவிட வேண்டும். அப்பா கேட்க மாட்டார், பையனும் கேட்க மாட்டான். கவுன்சலர் கேட்பார்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்ற கதை ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். நோய் தொற்றாது, இது உன்னால் வரவில்லை என்ற இரண்டையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் கவுன்சலிங் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு யார் வாயில் வந்தாலும் 14416-ஐ அழைக்கலாம். அரசின் டெலி மனஸ் சேவை அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் பயிற்சி, கவுன்சலிங் இரண்டையும் விட்டுவிடுவது கடைசித் தவறு. ஏஎல்எல்லில் வீட்டிலிருந்தபடி எடுக்கும் பராமரிப்பு மருந்தே ஏறக்குறைய இரண்டு வருடம் நீளும். மருந்துச் சீட்டு வாங்கும் கையோடு மூன்றை எழுதி வாங்குங்கள்: எந்த எண்ணிக்கையில் எந்தப் பயிற்சி, காய்ச்சல் வந்தால் ராத்திரியில் யாருக்குப் போன், அடுத்த கவுன்சலிங் தேதி என்ன.